நடிகர் நினைவுகளும் நடிப்புச் சிந்தனையும்

தமிழ் நாடக வரலாறு எழுதுவோர் தவறாது எடுத்தாளும் நூல்கள் இரண்டு. ஒன்று பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்'. மற்றொன்று அவ்வை தி. க. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' (1972). ஆயினும், இவை ஆண்டு, ஊர், குழு முதலிய தரவுகளின் களஞ்சியங்களாகவே பெரிதும் பயன்பட்டு வருகின்றன. நடிப்பு எவ்வாறு கைவருகிறது என்னும் வினாவிற்கு இவை தரும் விடைகளே இவற்றின் உயிர் என்பது நம் கருத்து.

முதலியார் (1873-1964) வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் விளங்கியவர். இளமையில் தமிழ் நாடகங்களை இழிவாகவே எண்ணியிருந்தார். பல்லாரிக் குழுவினர் சென்னையில் நடித்த தெலுங்கு நாடகங்களைக் கண்டபின் அவ்வெண்ணம் மாறிற்று; 1891இல் சுகுண விலாச சபை தோன்றியது. எனவே, அவருக்கு நடிப்பென்பது கண்டும் ஒப்பிட்டும் தேறும் அறிவு. தம் குறைகளையும் வெளிப்படையாகச் சொல்லி, இளைய நடிகர்க்கு அறிவுரை கூறும் அவரது நடை இந்நம்பிக்கையின் விளைவேயாகும்.

சண்முகம் (1912-1973) நடிப்பைத் தேடிச் சென்றவர் அல்லர். 1918இல், ஆறு வயதில், சங்கரதாஸ் சுவாமிகள் ஆசிரியராக விளங்கிய பாலர் குழுவில் சேர்க்கப்பட்டவர். சுவாமிகள் தமக்காக 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்ததை அவர் வியந்து பதிவு செய்கிறார். பொருள் விளங்குமுன்பே பாடம் செவியிலும் நாவிலும் பதிந்துவிடும் பயிற்சி அது. 1942இல், முப்பது வயதில், அவர் அவ்வை மூதாட்டியாக மேடையேறியதை அப்பயிற்சியின் கனியாகக் கொள்ளலாம். முன்னவரிடம் அறிவு உடலை நடத்துகிறது. பின்னவரிடம் உடல் கற்றதை அறிவு பின்னர் உணர்கிறது.

எனினும், இவ்விரு நூல்களும் வென்றவர் எழுதியவை என்பதை மறத்தலாகாது. குரல் உடைந்ததும் வாய்ப்பிழந்த சிறுவனுக்கு நடிப்பு என்னவாக இருந்தது? பெண்களைக் கொண்டு குழு நடத்திப் பெரும்புகழ் பெற்ற கும்பகோணம் பாலாமணியின் கலையையும் பிறர் கூற்றின்வழியே அறிகிறோம். எழுதப்பட்ட நினைவையே நடிப்புச் சிந்தனையின் எல்லையாகக் கொண்டால், எழுதாதோர் சிந்திக்காதோர் ஆகிவிடுவர்.

இம்மலை நாட்டில் இவ்வினா நமக்கு மிக அணுக்கமானது. தோட்டத்துத் திருவிழா மேடைகளில், பகலெல்லாம் பால்மரம் சீவியவர்களே இரவில் அரசர்களாயினர். அவர்கள் நூல் எழுதவில்லை. ஜொகூரின் மாசாய் போன்ற ஊர்களில் பணியாற்றும் தமிழாசிரியர்கள், தோட்ட மேடை கண்ட முதியோரை அணுகுங்கால், எந்த ஆண்டு, எந்த நாடகம் என்பதோடு நின்றுவிடலாகாது. பாடம் எப்படி மனனமாயிற்று, தவறினால் திருத்தியவர் யார், ஒலிபெருக்கி இல்லாதபோது குரலை எங்ஙனம் காத்தீர்கள் என்றும் வினவுதல் வேண்டும். முதலியாரும் சண்முகமும் விடையளித்துச் சென்ற வினாக்கள் இவை. மற்றவர்க்கு இவ்வினாக்களைத் தொடுப்பார் இல்லை என்பதே குறை.