சத்தமில்லாமல் நடப்பவள்

கத்தரிக்கோல்கள், பசைக்குப்பி, பழைய வார இதழ்கள் ஒரு கட்டு, அளவாக நறுக்கிய அட்டைகள். சில ஆண்டுகளுக்கு முன்பு, வல்லம் வடகால் தொழிற்பூங்காவை அடுத்த ஊரொன்றின் வாடகை வீட்டுக் கூடத்தில், ஒரு ஞாயிறு பிற்பகல் இவற்றைச் சுற்றி எட்டு இளம்பெண்கள் அமர்ந்திருந்தனர். எல்லோரும் ஆலைத் தொழிலாளர். நாகை, விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். உளநல ஆலோசனையில் பயிற்சி பெற்ற அருட்சகோதரி ஒருவர் அவர்களை வழிநடத்தினார். தொடக்கச் செபம் சொல்லிவிட்டுப் புறப்படலாம் என்றே நான் சென்றிருந்தேன். தேநீர் வந்ததால் தங்கினேன். தங்கியதால் ஒரு பிழையும் செய்தேன். அந்தப் பிழையைச் சொல்வதற்கு முன், அவர்கள் செய்துகொண்டிருந்த காரியம் இன்னதென்று விளக்கியாக வேண்டும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உளநல மருத்துவம் புரிந்துவந்த சீனா ஃபிராஸ்ட் என்னும் அம்மையார் 1980களின் இறுதியில் தொடங்கிய முறை இது. 'சோல்கொலாஜ்' என்று அதற்குப் பெயரிட்டு, 2001இல் நூலாகவும் எழுதினார், 2016இல் மறைந்தார். அவர் யேல் பல்கலைக்கழகத்தின் இறையியல் கல்லூரியில் பயின்றவர் என்பது நம் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். முறை எளியது. ஐந்து அங்குல அகலமும் எட்டு அங்குல நீளமும் உள்ள அட்டையில், இதழ்களிலிருந்து வெட்டியெடுத்த படங்களை ஒட்டவேண்டும். ஓர் அட்டைக்கு ஒரு குரல். அச்சமுள்ளவள், சிரிக்க வைப்பவள், கணக்குப் பார்ப்பவள் என்று நமக்குள் வாழும் பலருக்கும் தனித்தனி அட்டை. பிறகு அட்டையைக் கையில் ஏந்தி, அதன் வாயாகப் பேசவேண்டும்: 'நான் இன்னது செய்பவள்' என்று தொடங்கி.

இவ்வட்டைகளை நால்வகையாகப் பிரிக்கிறார் ஃபிராஸ்ட். உள்ளத்தின் குரல்கள் ஒன்று, நம்மை உருவாக்கிய மனிதர்கள் மற்றொன்று, விலங்குகள் மூன்றாவது, தொல்படிமங்கள் நான்காவது. விலங்குகளை உடலின் ஏழு சக்கரங்களோடு அவர் பொருத்தியிருப்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம்மூர்ச் சரக்கு கப்பலேறிப் போய்ப் புதுக் கட்டுமானத்தோடு திரும்பி வந்திருக்கிறது!

தொல்படிமம் என்ற சொல்லுக்கு வருவோம். சுவிட்சர்லாந்து உளவியலார் கார்ல் யுங் பரப்பிய கருத்து அது. தாய், வீரன், முதிய ஞானி, நிழல் முதலான உருக்கள் எல்லா மக்களின் கனவிலும் கதையிலும் திரும்பத் திரும்பத் தோன்றுகின்றன. அவை தனிமனிதனின் நினைவிலிருந்து பிறப்பவை அல்ல, மாந்தர் அனைவருக்கும் பொதுவான ஆழ்மனத்திலிருந்து எழுபவை என்றார் அவர். சொல் அவர் ஆக்கியதன்று. திருச்சபைத் தந்தையரின் எழுத்துகளிலேயே அது இருந்ததை அவரே சுட்டிக்காட்டினார். புனித அகுஸ்தினாரின் முதன்மை எண்ணங்கள் பற்றிய கருத்தையும் அதற்குத் துணையாகக் கொண்டார். ஆயினும் யுங்கை எவ்வளவு தூரம் பின்தொடரலாம் என்பதில் நம்மிடையே தயக்கம் உண்டு. விக்டர் ஒயிட் என்ற ஆங்கிலேய தொமினிக்கன் துறவி அவரோடு ஆண்டுக்கணக்காக நட்புக் கொண்டு, யோபு பற்றிய நூலை யுங் 1952இல் வெளியிட்டபின் கருத்தால் விலகினார். புதுயுக இயக்கம் குறித்து 2003இல் உரோமையிலிருந்து வந்த ஏடும் யுங்கின் செல்வாக்கைப் பெயர் சொல்லியே ஆராய்கிறது. இந்தத் தயக்கங்களை நான் மதிக்கிறேன். எனினும் அன்று அந்தக் கூடத்தில் எனக்குக் கிடைத்த பாடம் வேறு திசையிலிருந்து வந்தது.

ஒரு பெண் மூடிய கதவொன்றை ஒட்டியிருந்தாள். வண்ணப்பூச்சு விளம்பரத்திலிருந்து வெட்டிய நீலக் கதவு. அதன் கீழே ஒரு சோடி ஆண் செருப்பு. வேறொன்றும் இல்லை. அட்டையில் பாதி வெறுமையாகவே இருந்தது. அவள் முறை வந்தபோது, 'நான் சத்தமில்லாம நடக்கிறவ' என்று மட்டும் சொல்லி நிறுத்தினாள். அருட்சகோதரி அமைதியாகக் காத்திருந்தார். என்னால் காத்திருக்க முடியவில்லை. குருமடத்தில் கற்ற உளவியல் முந்திக்கொண்டது. 'அப்பா வெளியூரில் இருக்கிறாரா அம்மா? அவருக்காகக் காத்திருக்கும் வீடு இது, இல்லையா?' என்றேன். அவள் தலையை அசைத்து, 'ஆமா ஃபாதர்' என்றாள். அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். அன்று மாலை அவள் பிறகு பேசவில்லை.

மூன்று வாரம் கழித்துத் திருப்பலி முடிந்து வெளியே வருகையில் அவளே அருகில் வந்தாள். 'ஃபாதர், அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன். அது எங்க வீட்டுக் கதவு இல்ல, ரூம் கதவு. நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்றப்ப மத்தவங்க தூங்கிட்டு இருப்பாங்க. செருப்பை வெளியவே கழட்டிட்டு சத்தமில்லாம நடக்கணும். அது என் செருப்புதான். அந்தப் புத்தகத்துல பொம்பளச் செருப்பு படமே இல்ல.'

ஒரு தகப்பனைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நான் மகிழ்ந்த இடத்தில் இருந்தது படத் தட்டுப்பாடு.

இம்முறையின் நூல்கள் போதிய அளவு சிந்திக்காத ஓர் இடம் இது என்று கருதுகிறேன். படங்கள் தாமே நம்மைத் தேர்ந்துகொள்ளும் என்கிறார்கள்; ஆழ்மனம் தனக்குரியதைக் கண்டுகொள்ளும் என்கிறார்கள். ஆழ்மனம் எதிலிருந்து தேர்கிறது? அன்று மேசையில் இருந்த இதழ்களைப் புரட்டிப் பார்த்தேன். நகைக்கடை, பட்டுப்புடவை, வீட்டுமனை, நடிகையர், முகப்பூச்சு. மணமகளாய் நிற்கும் பெண் பக்கத்துக்குப் பக்கம் இருந்தாள். சீருடையில் வரிசையாக நின்று உதிரிபாகம் பொருத்தும் பெண் ஒருத்திகூட இல்லை. கறுத்த நிறத்தவள் ஓரிடத்தில் இருந்தாள். அதுவும் களிம்பு பூசுவதற்கு முந்தைய படமாக. இந்தக் குவியலிலிருந்து எட்டுப் பெண்களும் தம் 'தாயை'யும் 'அரசியை'யும் எடுத்தால், அதை மாந்தர் குலத்தின் பொதுக் கருவூலம் என்பதா, விளம்பர நிறுவனங்களின் கிடங்கு என்பதா? அந்தப் பிற்பகலில் ஐந்து அட்டைகளில் ஒரே நகைக்கடையின் மணமகள் இருந்தாள். யுங்கின் மாணவர் அதைக் கண்டால் ஆதித்தாய் என்று எழுதிக்கொள்வார். அந்த நகைக்கடை ஐந்து பக்க விளம்பரம் தந்திருந்தது என்பதே காரணம்.

இரண்டாவது ஐயம் எனக்கு மட்டுமல்ல, நம் மக்கள் பலருக்கும் எழும். சேர்ந்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்து, ஒரு கேள்வியை மனத்தில் கொண்டு, கண்ணால் பாராமல் சிலவற்றை எடுத்து விடை காணும் பழக்கமும் இம்முறையில் உண்டு. கிளி சோதிடம் பார்த்தவர்களுக்கு இது அறிமுகமான காட்சி. கூண்டிலிருந்து வரும் கிளி அலகால் உருவும் அட்டைகளில் முருகனும் மாரியம்மனும் இருப்பார்கள். சிலரிடம் வேளாங்கண்ணி மாதாவும் இருப்பார். 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி குறிபார்த்தலின் எல்லா வடிவங்களையும் விலக்குகிறது. ஃபிராஸ்ட் தம் முறை எதிர்காலம் சொல்வதற்கன்று என்று விளக்கினாலும், கையில் கேள்வியும் மேசையில் கவிழ்ந்த அட்டையும் இருக்கும்போது மனித மனம் எங்கே போகும் என்பது நமக்குத் தெரியும். புத்தாண்டு இரவில் வாக்குத்தத்த அட்டை உருவுகிறவர்களும், கண்மூடி விவிலியம் திறந்து விரல் வைக்கிறவர்களும் நம் பங்குகளில் இல்லையா? ஆகவே கல்லெறிய நான் முன்வரவில்லை. அருட்சகோதரி இப்பகுதியை முற்றிலும் விட்டுவிட்டார், நல்லதே செய்தார்.

இனி இதன் சிறப்பைச் சொல்லவேண்டும், அதுவும் சிறிதன்று. இந்த அட்டைகளை விற்கவோ பண்டமாற்றுச் செய்யவோ கூடாது என்பது இம்முறையின் விதிகளில் ஒன்று. படங்கள் பிறருடையவை என்பது ஒரு காரணம். எந்தக் காரணமாயினும், ஒரு மனிதரின் உள்ளம் சரக்காகக் கூடாது என்ற எல்லைக் கோடு அதில் விழுந்துவிடுகிறது. இன்னொரு விதி: ஒருவர் அட்டைக்கு மற்றவர் பொருள் சொல்லலாகாது. நான் மீறியது இதைத்தான். யுங்கின் வழியைப் பின்பற்றும் ஒரு முறை, படிமங்களுக்கு அகராதி வைத்துக்கொண்டு பொருள் சொல்லும் வழக்கத்தைக் கைவிட்டிருப்பது அதன் ஆகச் சிறந்த பண்பு என்று இப்போது உணர்கிறேன்.

படத்தின் துணை கொண்டு உள்ளே புகுவது நம் மரபுக்குப் புதிதுமன்று. கற்பனையால் எதையும் கண்முன் நிறுத்த இயலாதவளாய் இருந்ததனால்தான் திருவுருவப் படங்களை விரும்பியதாக அவிலா நகர்த் தெரேசம்மாள் தம் வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார். இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சிகளில், தியானிக்கும் நிகழ்ச்சியின் இடத்தை உளக்கண்ணால் கண்டுகொள்வதே முதற்படி. நம் வீட்டுப் பெரியவர்களின் செபப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அந்தோணியார் படம், தேர்த்திருவிழா அழைப்பின் ஓரம், முதல் நற்கருணை நினைவு அட்டை, இறந்துபோன தங்கையின் முப்பதாம் நாள் நினைவு அட்டை. யாரும் திட்டமிடாமல் சேர்ந்த ஒரு வாழ்க்கை வரலாறு அது.

எனினும் இன்னும் நெருங்கிய ஒப்புமை தமிழிலேயே இருக்கிறது. அகப்பாடல்களில் எவரும் பெயர் சுட்டப்படுவதில்லை. அது தொல்காப்பியம் வகுத்த நெறி. தலைவி, தோழி, செவிலி, நற்றாய், பாங்கன் என்று வகைப்பெயர் மட்டுமே. தொல்படிமம் என்று இன்று சொல்வதை நம் முன்னோர் பாட்டின் இலக்கணமாகவே வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பாட்டும் ஒருவர் கூற்று. 'நான் இன்னது செய்பவள்' என்று அட்டை பேசுவதும் கூற்றுத்தான். ஆனால் செய்யுளியல் கூற்றோடு நில்லாமல் கேட்போரையும் செய்யுளின் உறுப்பாக எண்ணுகிறது. தலைவி தனக்குத் தானே பேசுவது போலிருந்தாலும், தோழி கேட்கிறாள். வேலிக்கு அப்பால் தலைவன் நின்று கேட்கிறான். யாரிடம் சொல்கிறோம் என்பதால் சொல் மாறுகிறது. ஃபிராஸ்டின் வட்டத்தில் கேட்போர் சாட்சிகள். அவர்கள் அமைதி காக்கிறார்கள், அவ்வளவே. அட்டை யாரை விளித்துப் பேசுகிறது என்ற கேள்வி எழுவதில்லை. 'நான் சத்தமில்லாம நடக்கிறவ' என்பதை அந்தப் பெண் உடன் தங்கியிருந்தவளிடம் சொல்லியிருந்தால் அது ஒரு பொருள். தாயிடம் சொல்லியிருந்தால் வேறு. வேலை வாங்குபவரிடம் சொல்லியிருந்தால் முற்றிலும் வேறு. பங்குக்குருவிடம் சொன்னபோது அது 'ஆமா ஃபாதர்' ஆகிவிட்டது.

பனியனின் நூலைத் தழுவி எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894இல் தந்த இரட்சணிய யாத்திரிகத்திலும் உள்ளத்தின் பண்புகள் மனிதராகி வழியில் எதிர்ப்படுகின்றன. அங்கே ஒவ்வொன்றுக்கும் பொருள் முன்கூட்டியே முடிந்துபோயிருக்கிறது. அறம் போதிக்க அது உதவும். ஒரு பெண் தன்னை அறிந்துகொள்ள அவ்வளவாக உதவாது.

யுங் 1938இன் தொடக்கத்தில், இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழாவையொட்டி நம் நாட்டில் பயணம் செய்தார். தென்னாட்டுக்கும் வந்தார், திருவண்ணாமலைக்குச் சென்று ரமணரைக் காணும் வாய்ப்பு இருந்தும் போகவில்லை. பின்னாளில் அதற்குக் காரணம் கூறி எழுதும்போது, ரமணரின் சீடர் ஒருவரைச் சந்தித்ததைக் குறிப்பிடுகிறார். எளிய பள்ளி ஆசிரியர்; குடும்பக் கவலைகளைச் சுமந்தவர். உலகத்தை விட்டு விலகாமல் அதை உண்டு செரித்த அம்மனிதரை யுங் குருவினும் ஒருபடி மேலாக மதித்தார். குரு, சீடர் பற்றிய அத்தீர்ப்பை நான் எடை போட வரவில்லை. ஆனால் மாதம்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, மீந்ததில் தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் இப்பெண்களை எண்ணும்போது அந்த ஆசிரியர் நினைவுக்கு வருகிறார். 'உன்னை நீ கண்டடை' என்ற அழைப்பு, ஓய்வும் தனியறையும் உடையவர்களுக்கென்று எழுதப்பட்டது போலவே பெரும்பாலும் ஒலிக்கிறது. தனிக்கட்டில் இல்லாதவளின் தன்னறிவு எப்படி இருக்கும் என்று அந்நூல்கள் கேட்பதில்லை. அந்தப் பெண் பாதி அட்டையை வெறுமையாக விட்டதற்கும் நான் பொருள் சொல்லப் புகுந்தால் பழைய பிழையையே மறுபடி செய்தவனாவேன்.

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் 706 கோடியே 50 லட்சம் ரூபாய்ச் செலவில், 18,720 பெண்கள் தங்கத்தக்க தொழிலாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. ஒரு சிற்றூரின் மக்கள்தொகையை விஞ்சும் எண்ணிக்கை அது. நான் குறிப்பிட்ட வாடகை வீட்டுப் பெண்கள் இப்போது பல இடங்களில் இருக்கிறார்கள். கதவை ஒட்டியவள் திருமணமாகிச் சொந்த ஊர்ப் பக்கம் போய்விட்டாள். அட்டையைச் செபப் புத்தகத்தில் வைத்திருப்பதாகப் போகுமுன் சொன்னாள்.

அருட்சகோதரி தம் வழக்கத்தைச் சற்று மாற்றிக்கொண்டார். வார இதழ்களோடு, பெண்கள் தம் கைப்பேசியில் தாமே எடுத்த படங்களையும் அச்சிட்டுக் கொண்டுவரச் சொல்கிறார். ஆலைப் பேருந்தின் சன்னல், சாப்பாட்டுத் தட்டு, கட்டிலின் எண், மொட்டை மாடியில் காயும் சீருடை. அண்மையில் ஒருத்தி தன் பாதங்களை மட்டும் படமெடுத்து வந்திருந்தாள். அவள் முறை வந்தபோது நான் வெளித் திண்ணையில் இருந்தேன். குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. உள்ளே யாரோ ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.