ரீப்பரில் ப்ரீசெட்: எங்கே வைப்பது, எப்படிக் காப்பது

மிக்ஸிங்கில் காது எடுக்கும் முடிவுகள் எல்லாம் கடைசியில் ப்ளக்-இன்களுக்குள் எண்களாகத்தான் போய் நிற்கின்றன. மிருதங்கத்தின் தொப்பியில் எவ்வளவு குறைத்தோம், பாடகியின் குரலில் காதை உறுத்திய இடம் எது, ரிவெர்ப் எத்தனை வினாடி நீண்டது என்பதெல்லாம் அப்படிப்பட்ட எண்கள். அவற்றைச் சேமித்து, பெயரிட்டு, அடுத்த வேலையில் தேடாமல் எடுக்க முடிகிறதா என்பது ஒரு ரெக்கார்டிங் மென்பொருளுக்குப் பெரிய சோதனை. விமர்சனம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எடிட்டிங், மிக்ஸர், விலை என்று பேசிவிட்டு இதைத் தொடாமலே போய்விடுகிறார்கள். நான் அன்றாடம் வேலை செய்யும் ரீப்பர் 7-ஐ இந்த ஒரு விஷயத்துக்காக மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ரீப்பர், காக்கோஸ் நிறுவனத்தின் மென்பொருள். வின்ஆம்ப்பை எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கல்தான் இதற்கும் மூலவர். முதல் பதிப்பு 2006-இல் வந்தது. 7-ஆம் பதிப்பு 2023 அக்டோபரில்.

ரீப்பரில் எந்த ப்ளக்-இன்னைத் திறந்தாலும், அதை எந்த நிறுவனம் செய்திருந்தாலும், ஜன்னலின் தலைமாட்டில் ஒரே மாதிரியான பட்டை இருக்கும். அதில் ப்ரீசெட் பட்டியலும், பக்கத்தில் ஒரு கூட்டல் குறிப் பொத்தானும் உண்டு. சேமிப்பது, பெயர் மாற்றுவது, அழிப்பது, முழுத் தொகுப்பையும் ஒரே கோப்பாக வெளியே எடுப்பது, இன்னொரு கணினியில் உள்ளே இழுப்பது எல்லாமே அந்தப் பொத்தானுக்குள். பலர் கவனிக்காத ஒன்றும் அங்கேதான் இருக்கிறது: இப்போதுள்ள அமைப்பையே அந்த ப்ளக்-இன்னின் டீஃபால்ட்டாக வைக்கும் வசதி. ரிவெர்ப் ப்ளக்-இன்கள் பெரும்பாலும் மூல ஒலியும் எதிரொலியும் கலந்த நிலையில்தான் திறக்கின்றன. சென்ட் வழியாகப் பயன்படுத்துகிறவருக்கு எதிரொலி மட்டும் முழுதாக வேண்டும், மூல ஒலி துளியும் வரக்கூடாது. ஒருமுறை அப்படிச் சரிசெய்து டீஃபால்ட் ஆக்கிவிட்டால், பிறகு ஒவ்வொரு பாட்டிலும் அந்தக் குமிழைத் திருக வேண்டியதில்லை. ஈக்யூ, கம்ப்ரஸர், டிலே என்று தினசரி கைபடும் எல்லாவற்றுக்கும் இப்படி டீஃபால்ட் வைத்துக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும்.

எனக்கு ரீப்பரை மிகவும் பிடித்துப்போன இடம் இதற்கு அடியில் இருக்கிறது. ஆப்ஷன்ஸ் மெனுவில் ரிசோர்ஸ் பாத்தைக் காட்டச் சொன்னால் ஒரு சாதாரண ஃபோல்டர் திறக்கும். அதற்குள் ப்ரீசெட்ஸ் என்ற ஃபோல்டர். அதில் ஒவ்வொரு ப்ளக்-இன்னுக்கும் தனித்தனியே ஐஎன்ஐ கோப்பு. அவ்வளவுதான். கணக்குத் தொடங்கு, க்ளவுடில் ஏற்று என்று எதுவும் கேட்பதில்லை. ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவில் போட்டால் பேக்கப் முடிந்தது. நம் பல வருட உழைப்பு எந்த ஃபோல்டரில், எந்தப் பெயரில் இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிவது எனக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் அதே ஃபோல்டருக்குள் ஒரு பொறியும் இருக்கிறது. விஎஸ்டி 2 வகை ப்ளக்-இன்னுக்கு ஒரு கோப்பு, அதே ப்ளக்-இன்னின் விஎஸ்டி 3 வடிவத்துக்கு வேறொரு கோப்பு. விஎஸ்டியை உருவாக்கிய ஸ்டெய்ன்பெர்க் 2018-லேயே விஎஸ்டி 2-க்கான மேம்பாட்டுத் தொகுப்பைத் தருவதை நிறுத்திவிட்டதால், ப்ளக்-இன் செய்கிறவர்கள் ஒவ்வொருவராக விஎஸ்டி 3-க்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் மாறிய அன்று பட்டியலைத் திறந்தால் காலியாக இருக்கும். ப்ரீசெட்கள் அழிந்துவிடவில்லை, பழைய கோப்பில் பத்திரமாகத்தான் இருக்கின்றன. புதிய வடிவம் அந்தக் கோப்பைப் பார்ப்பதில்லை. எனவே பழைய வடிவத்தை நீக்குவதற்கு முன், அதில் ப்ரீசெட்களை ஒவ்வொன்றாகத் திறந்து, ப்ளக்-இன்னுக்குள்ளேயே இருக்கும் சேமிப்பு வசதியில் எழுதிவிடுங்கள். பொதுவாக இரண்டு வடிவங்களும் அதைப் படிக்கும்.

இங்கே ஒரு கேள்வி வரும். ப்ளக்-இன்னுக்கே சொந்தமாக ப்ரீசெட் பட்டியல் இருக்கும்போது ரீப்பரின் பட்டையில் ஏன் சேமிக்க வேண்டும்? இரண்டு இடத்திலும் மாற்றி மாற்றிச் சேமித்தால் ஆறு மாதத்தில் எது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. என் கணக்கு இது: வேறு ஸ்டூடியோவில் க்யூபேஸிலோ ப்ரோ டூல்ஸிலோ அதே ப்ளக்-இன்னைத் திறக்க நேரும் என்றால், ப்ளக்-இன்னுக்குள்ளேயே சேமியுங்கள். ரீப்பரின் பட்டையில் சேமித்ததை ரீப்பர் மட்டும்தான் காட்டும். தனக்கென்று பட்டியல் இல்லாத ரியாஈக்யூ, ரியாகாம்ப் போன்ற ரீப்பரின் சொந்த ப்ளக்-இன்களுக்குப் பட்டைதான் இடம்.

ஒற்றை ப்ளக்-இன்னைவிட வரிசைதான் நடைமுறையில் அதிகம் பயன்படும். ஈக்யூ, அதன்பின் கம்ப்ரஸர், அதன்பின் டீ-எஸ்ஸர் என்று குரலுக்கு அமைத்த வரிசையை எஃப்எக்ஸ் செயின் என்ற ஒரே கோப்பாக ரீப்பரில் சேமிக்கலாம். ஒரு குமிழை மிடி கன்ட்ரோலரோடு இணைத்திருந்தால், அல்லது ஒரு குமிழ் தானாக அசையும்படி மாடுலேஷன் போட்டிருந்தால், அந்த இணைப்புகளும் செயினோடு வரும். சாதாரண ப்ரீசெட்டில் வராது. செயின் கோப்புகளை உள் ஃபோல்டர்களாகப் பிரித்தும் வைக்கலாம். ப்ளக்-இன் தேடும் ஜன்னலில் அதே பிரிவுகளோடு தெரியும். 7-ஆம் பதிப்பில் வந்த கன்டெய்னர் வசதி, பல ப்ளக்-இன்களை ஒரே பெட்டியாகக் கட்டி, அதற்குள்ளேயே இணைத்தடங்களையும் அமைக்க விடுகிறது.

சேமிக்கும் இடம் சரி, எதைச் சேமிப்பது? கர்நாடக இசையை ஒலிப்பதிவு செய்கிறவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. ப்ளக்-இன்களோடு வரும் தயார்ப் ப்ரீசெட்கள் கிக், ஸ்நேர், ராக் குரல், பாஸ் கிட்டார் என்றுதான் போகின்றன. மிருதங்கத்துக்கு நாமேதான் உருவாக்க வேண்டும். உருவாக்கியதும் ‘மிருதங்கம்’ என்று பெயர் வைத்து நிம்மதியாக இருக்கவும் முடியாது. வலந்தலையைப் பாடகரின் ஆதார ஸ்ருதிக்குச் சேர்க்கிறார்கள். ஒரு கட்டைக்குப் பாடுகிறவரோடு வாசித்தபோது 262 ஹெர்ட்ஸில் நீங்கள் குறைத்த ரீங்காரம், ஐந்து கட்டைக் கச்சேரியில் வேறோர் அதிர்வெண்ணில் வந்து நிற்கும். பழைய ப்ரீசெட்டை அப்படியே போட்டால் தேவையற்ற இடத்தில் வெட்டும், வெட்ட வேண்டிய இடத்தை விட்டுவிடும். வாத்தியமே மாறிவிடுவதால் தொப்பியின் நாதமும் வேறு. ஆகவே ப்ரீசெட் பெயரிலேயே கட்டை இருக்க வேண்டும். வாத்தியம், பக்கம், கட்டை, மைக் என்ற வரிசையில் பெயரிடுவது என் வழக்கம்: ‘மிருதங்கம் வலந்தலை 5 கண்டன்ஸர்’ என்று பார்த்தால் வேறு விளக்கம் தேவையில்லை.

கம்ப்ரஸர் ப்ரீசெட்டில் இதைவிட நுட்பமான சிக்கல். த்ரெஷோல்டு என்பது உள்ளே வரும் ஒலியின் அளவோடு சேர்ந்தால்தான் பொருள் தரும். நான்குக்கு ஒன்று விகிதத்தில், 6 டெசிபல் கூடுதலாகப் பதிவான குரல் அதே ப்ரீசெட்டில் 4.5 டெசிபல் கூடுதலாக அழுத்தப்படும். பாட்டின் மூச்சே அடங்கிப்போகும். விகிதம், அட்டாக், ரிலீஸ் மூன்றையும் ப்ரீசெட்டிடம் விடலாம். த்ரெஷோல்டை ஒவ்வொரு முறையும் மீட்டரைப் பார்த்து, காதால் கேட்டு வைத்தே ஆக வேண்டும். தயார்ப் ப்ரீசெட்களில் ஒவ்வொன்றாகத் தாவி எது ‘நன்றாக இருக்கிறது’ என்று தேடும் புதியவர்கள், பெரும்பாலும் எது சத்தமாக இருக்கிறதோ அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒப்பிடும் முன் வெளியேறும் ஒலியளவைச் சமமாக்குங்கள்.

இன்னொரு பயத்தையும் போக்கிவிடலாம். ப்ரீசெட்டைத் திருத்தினாலோ அழித்தாலோ பழைய பாடல்கள் கெடாது. ரீப்பரின் ப்ராஜெக்ட் கோப்பு ஒவ்வொரு ப்ளக்-இன்னின் முழு நிலையையும் தனக்குள்ளேயே எழுதிவைத்திருக்கிறது. ப்ரீசெட் கோப்பை அது நம்பியிருப்பதில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. ப்ரீசெட்டை மேம்படுத்தினால் அது பழைய ப்ராஜெக்ட்களுக்குத் தானாகப் போய்ச் சேராது.

குறைகள் இருக்கின்றன, சிறியவை அல்ல. பட்டையிலுள்ள பட்டியல் ஒரே நீளமான பட்டியல். நாமே சேமித்தவற்றை உள்பிரிவாகப் பிரிக்க வழியில்லை, குறிச்சொல் இல்லை, ‘இந்த மைக்கில், இந்த அறையில்’ என்று இரண்டு வரி எழுதி வைக்க இடமில்லை. க்யூபேஸின் மீடியாபேயில் குறிச்சொல்லும் நட்சத்திர மதிப்பும் உண்டு. ப்ரோ டூல்ஸில் ஒரு வேலைக்கான அமைப்புகளை அந்த செஷன் ஃபோல்டருக்குள்ளேயே வைக்கலாம். இருபது வயதை நெருங்கும் ரீப்பர் இந்த இரண்டையும் எப்போதோ கொண்டுவந்திருக்க வேண்டும். அதுவரை பெயரிடும் ஒழுக்கம்தான் நமக்குத் துணை.

ப்ரீசெட் நிர்வாகத்தின் அழகுக்கு மதிப்பெண் போட்டால் க்யூபேஸ் முந்தும். பல ஆண்டுகளுக்கு நம்பி வைப்பதற்கும், கணினி மாற்றும்போது கொண்டுபோவதற்கும் நான் ரீப்பரைத்தான் சொல்வேன். சலுகை உரிமம் 60 டாலர், வணிக உரிமம் 225 டாலர். இப்போது வாங்கினால் 8-ஆம் பதிப்பின் கடைசி வரை செல்லும். வாங்கும் முன் 60 நாள் முழு வசதிகளோடும் பயன்படுத்திப் பார்க்கலாம். அந்த நாட்களுக்குள் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள்: ரிசோர்ஸ் ஃபோல்டரையும் ப்ளக்-இன்களின் சொந்த ப்ரீசெட் ஃபோல்டர்களையும் ஒரு வெளி டிரைவில் நகலெடுத்து, இன்னொரு கணினியில் திறந்து, எல்லாம் வருகிறதா என்று பாருங்கள்.