யார் பெற்ற பிள்ளை?

அமெரிக்கச் சித்திரக்கதைகளில் பெருவீரனின் பக்கத்தே துணைச் சிறுவன் ஒருவன் நிற்பதைக் காண்கின்றோம். இம்மரபுக்கு வழிவகுத்தவன், 1940இல் பற்மனோடு சேர்ந்த றொபின். வாசிக்கும் சிறுவர் அவனில் தம்மைக் கண்டனர்; இதழின் விற்பனையும் பெருகிற்று. 1941இல் கப்டன் அமெரிக்காவுக்குப் பக்கி துணையானான்.

றொபின் யார்? சர்க்கஸ் கலைஞரின் மகன். சர்க்கஸ் முதலாளியிடம் பணம் பறிக்க முனைந்த கும்பல் அவனுடைய பெற்றோரைக் கொன்றது. அநாதையான அவனைக் கோடீசுவரன் ஒருவன் தன் மாளிகையிற் சேர்த்து முகமூடி அணிவிக்கின்றான். உழைப்பாளியின் பிள்ளைக்கு நீதி, செல்வந்தனின் தயவாகவே வாய்க்கின்றது. தன் வர்க்கத்தாரோடு இணைந்து போராடும் வழி அவனுக்குக் காட்டப்படவில்லை.

அத்தயவின் எல்லையை 1988 உணர்த்திற்று. இரண்டாவது றொபினான ஜேசன் ரொட், திருத்தி எழுதப்பட்ட கதையின்படி, பற்மனின் காரிலே ரயர் திருடிப் பிடிபட்ட தெருச்சிறுவன். அவன் வாழ்வதா, சாவதா என்பதைப் பதிப்பாளர் கட்டணத் தொலைபேசி வாக்கெடுப்புக்கு விட்டனர். வாழ்வுக்கு 5,271; சாவுக்கு 5,343. எழுபத்திரண்டு வாக்குகளாற் சிறுவன் மாண்டான். 2005இல் அவனை உயிர்ப்பித்ததும் அதே சந்தைதான்.

வாக்களித்தோரை மாத்திரம் பழித்துப் பயனில்லை. விற்பனைக்காகப் பிறந்த பாத்திரம் விற்பனைக்காகவே கொல்லப்பட்டது. கற்பனைதானே என்று இதனை ஒதுக்குதல் தகாது. சிறுவனின் உயிரை விலைப்பண்டமாக எண்ணப் பழக்கும் கலை, வாசகனின் மனிதாபிமானத்தையே அரித்துவிடுகின்றது.

மாணவரின் கையிலிருந்து இவ்விதழ்களைப் பறிப்பது நம் பணியன்று. வீரனின் நிழலில் நிற்கும் அச்சிறுவன் யார் பெற்ற பிள்ளை என வினவப் பழக்குவதே நம் பணியாகும்.