‘பாதாள உலகம்’: ஒரு சொல்லாட்சி பற்றிய நோக்கு

வத்தேகமவிற் புகையிரதமேறிக் கண்டியில் இறங்குவோர், நிலையத்தின் அருகே போகம்பறைச் சிறைச்சாலையின் உயர்ந்த மதில்களைக் காண்பர். 2014 இல் அச்சிறை மூடப்பட்டு, கைதிகள் தும்பறைப் பிரதேசத்துப் பல்லேகலைக்கு மாற்றப்பட்டனர். சிறை வத்தேகமவுக்கு இன்னும் அண்மையில் வந்துவிட்டது. ஆயினும் அவ்வூர் வாசகன் போதைப்பொருட் கும்பல்களைப் பற்றி நாளிதழிற் படிக்கும்போது எதிர்கொள்ளும் சொல் ‘பாதாள உலகம்’ என்பதே. அச்சொல் எதனைக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது என்பது ஆராயற்பாலது.

பாதாளம் காலடிக்குக் கீழே, கண்ணுக்கெட்டாது கிடப்பது. மேலுலகத்தார் அஞ்ச வேண்டியதில்லை. ‘பணம் பாதாளம் மட்டும் பாயும்’ என்னும் பழமொழியும் மேலிருந்து கீழ்நோக்கிய பாய்ச்சலையே கருதிற்று. நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறானது. 2004 நவம்பர் 19 ஆம் நாள், கொழும்பு மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேபிட்டிய தமது இல்லத்தருகே சுட்டுக் கொல்லப்பட்டார்; உடனிருந்த பாதுகாப்பு அதிகாரியும் மாண்டார். போதைப்பொருள் வியாபாரி நௌபர் உட்பட ஐவருக்கு 2005 இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அன்று வன்முறை நீதிபதியின் வீட்டு வாயிலிற் காத்து நின்றது. 2025 பெப்ரவரி 19 இல் அது புதுக்கடை நீதிமன்றத்தினுள்ளேயே நுழைந்தது. கணேமுல்ல சஞ்சீவ எனப்பட்டவர், சட்டத்தரணி வேடத்தில் வந்தவரால் சுடப்பட்டு இறந்தார். துப்பாக்கி, உட்புறம் குடையப்பட்ட சட்டநூலொன்றில் மறைத்துக் கொண்டுவரப்பட்டது. அங்கிக்கும் நூலுக்கும் நீதிமன்றம் அளிக்கும் மதிப்பை நன்கு கணித்தே அத்திட்டம் வகுக்கப்பட்டது. இதனைப் பாதாளத்தின் செயல் என்பது எங்ஙனம் பொருந்தும்?

இச்சொல் பிறிதொரு தீங்கும் இழைக்கிறது. பாதாளவாசிக்கு விசாரணை எதற்கு என்னும் எண்ணத்தை அது வளர்க்கிறது. 2019 இல் துபாயிற் கைதான மாகந்துரே மதுஷ், நாடு கடத்தப்பட்டு இங்கு பொலிஸ் காவலில் இருந்த நிலையில், 2020 ஒக்டோபரில் மாளிகாவத்தையிற் சுடப்பட்டு இறந்தார். இருதரப்புத் துப்பாக்கிச் சூட்டிடையே அகப்பட்டதாகப் பொலிஸார் கூறினர். அவருடைய வாய்மொழி நீதிமன்றில் ஒலிக்கும் வாய்ப்பு அத்துடன் அற்றது. எழுந்திருக்க வேண்டிய வினாக்களைப் ‘பாதாளம்’ விழுங்கிற்று எனலாம்.

இனி, பட்டப்பெயர்கள். ஊர்ப்பெயரை முன்னிறுத்தல் நமக்குப் புதிதன்று. திக்குவல்லை கமால், நாவற்குழியூர் நடராசன் ஆகியோர் பெயர்களில் அது ஊர்ப்பற்றாய் மணக்கிறது. உத்துவன்கந்தை சரதியேல் என்னும் கொள்ளையன் பெயரும் அவ்வாறே வழங்கிற்று. அவனைப் பிடிக்கும் முயற்சியில் 1864 மார்ச் 21 இல் மாவனெல்லையில் கான்ஸ்டபிள் சபான் உயிர் நீத்தார். அவ்வாண்டு மே மாதம் சரதியேல் கண்டியில் தூக்கிலிடப்பட்டான். இருப்பவரிடம் பறித்து இல்லாதவர்க்கு ஈந்தவன் என்று நாட்டார் மரபு அவனைப் போற்றுகிறது. சபானைப் பொலிஸ் திணைக்களம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது. மக்கள் வாயில் வாழ்பவனோ சரதியேல். மாகந்துரே, கணேமுல்ல என்னும் அடைகளைச் செய்தியாளர் தயக்கமின்றி அச்சிடும்போது, அப்பழைய கதையின் ஒளி ஹெரோயின் வியாபாரத்தின்மீதும் படிகிறது. கொடுத்துவைத்த வியாபாரம்!

கொலம்பியாவிலும் இதுவே நிகழ்ந்தது. 1984 இல் நீதி அமைச்சர் லாரா பொனில்லா கொல்லப்பட்டார். 1989 இல் பயணிகள் விமானமொன்று குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டு, அதிலிருந்த 107 பேரும் மாண்டனர். அமைச்சரிலிருந்து முன்பின் அறியாப் பயணிவரை வர ஐந்தாண்டுகளே சென்றன. எஸ்கொபார் இன்று தொலைக்காட்சித் தொடர்களின் நாயகன்.

புதுக்கடைக் கொலைக்கு முந்திய இரவு, மித்தெனியவில் ஒரு தந்தையும் அவருடைய இரு சிறு பிள்ளைகளும் துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்காகி மாண்டனர். மகளுக்கு வயது ஆறு, மகனுக்கு ஒன்பது. அச்சம்பவம் செய்திகளில் தந்தையின் பட்டப்பெயராலேயே குறிக்கப்பட்டு வருகிறது.