புழுவின் வயதும் பிணத்தின் வயதும்

கொலை வழக்கில் பூச்சிச் சான்று என்பது பெரும்பாலும் ஈப்புழுவின் வயதைக் கணக்கிடும் வேலைதான். வண்டுகள் பெரும்பாலும் பின்னால் வரும். வெளியே கிடக்கும் உடலை முதலில் மொய்ப்பவை பச்சை ஈயும் நீல ஈயும். அவை இட்ட முட்டை பொரிந்து புழு எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்று பார்த்துப் பின்னோக்கி நாள் எண்ணப்படுகிறது. 2000இல் தொடங்கிய ‘சி.எஸ்.ஐ.’ தொலைக்காட்சித் தொடர் பூச்சியியலாளர் ஒருவரை நாயகனாக்கியதிலிருந்து இந்தச் சான்றுக்குத் தனி மவுசு. மனிதச் சாட்சி பிறழும், பூச்சி பிறழாது என்பது இதன் ஆதரவாளர்கள் வழக்கமாகச் சொல்வது. ஆனால் கூண்டில் ஏறுவது பூச்சி அல்ல, பூச்சியியலாளர்.

இந்த முறையால் பலன் உண்டு என்பதில் தகராறில்லை. 1935இல் ஸ்காட்லாந்தின் மோஃபட் அருகே ஓடைச் சரிவில் இரு பெண்களின் உடல் துண்டுகள் கிடைத்தபோது, அவற்றிலிருந்த புழுக்களுக்கு 12 முதல் 14 நாள் வயது என்று கிளாஸ்கோவின் அலெக்சாண்டர் மேர்ன்ஸ் கணித்தார். மருத்துவர் பக் ரக்ஸ்டனின் மனைவியும் பணிப்பெண்ணும் காணாமல்போன நாளோடு அது ஒத்துப்போனது. புழு இல்லாததும் சில வேளை சான்றாகும்: அமெரிக்காவின் நெவாடாவில் 2001ஆம் ஆண்டுக் கொலை ஒன்றுக்காகத் தண்டிக்கப்பட்ட பெண்ணின் தீர்ப்பு, சடலத்தில் ஈ முட்டையே காணப்படவில்லை என்ற சான்றின் துணையோடு 2017இல் தள்ளுபடியானது.

கணக்கு இப்படிப் போகிறது. புழுவின் வளர்ச்சி வெப்பத்தைப் பொறுத்தது. குறிப்பிட்ட ஒரு வெப்பநிலைக்குக் கீழே அது வளராது. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு டிகிரியையும் மணிக்கணக்கால் பெருக்கிச் சேர்த்தால் வருவது டிகிரி-மணி. ஒரு வளர்ச்சிக் கட்டத்தை எட்ட 1,500 டிகிரி-மணி வேண்டும், வளர்ச்சி 10 டிகிரி செல்சியசில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தின் சராசரி வெப்பம் 20 டிகிரி என்றால் 150 மணி, அதாவது ஆறே கால் நாள். 25 டிகிரி என்றால் 100 மணி; நான்கு நாளுக்குச் சற்றே அதிகம். ஐந்து டிகிரி மாறினால் இரண்டு நாள் மாறிவிடும். அந்த வெப்பமோ பிணம் கிடந்த புதரில் அளந்ததல்ல, சில மைல் தள்ளியுள்ள வானிலை நிலையத்தில் பதிவானது. புழுக்கள் திரளாக நெளியும்போது அத்திரளின் உள்வெப்பம் சுற்றுப்புறத்தைவிடப் பல டிகிரி ஏறிவிடும். சேகரிப்பவரின் கையிலும் பிழை நேரும். கொதிநீரில் முக்கிக் கொல்லாமல் உயிரோடு சாராயத்தில் போட்ட புழு சுருங்கிப்போகும். சுருங்கிய புழு வயதைக் குறைத்துக் காட்டும்.

இவையெல்லாம் அளவுப் பிழைகள், கவனத்தால் குறைக்கக் கூடியவை. குறைக்க முடியாத கோளாறு வேறு. புழுவின் வயது என்பது ஈ முட்டையிட்டதிலிருந்து எண்ணிய நாள், இறந்ததிலிருந்து எண்ணியதல்ல. இரண்டுக்கும் இடையே எத்தனை நாள் கழிந்தது என்பதற்குப் புழுவிடம் விடை இல்லை. பாடநூல்கள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. நீதிமன்றத்தில்தான் அது நழுவிவிடுகிறது.

சான் டியேகோவில் 2002இல் நடந்த டேவிட் வெஸ்டர்ஃபீல்ட் வழக்கு இதற்குச் சரியான உரைகல். பிப்ரவரி தொடக்கத்தில் ஏழு வயதுச் சிறுமி வீட்டிலிருந்து காணாமல்போனாள்; 27ஆம் தேதி உடல் சாலையோரம் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரரான வெஸ்டர்ஃபீல்ட் 5ஆம் தேதி முதல் போலீஸ் கண்காணிப்பில் இருந்தார். அதற்குப் பிறகுதான் உடல் அங்கே போடப்பட்டது என்றால் அவர் போட்டிருக்க முடியாது. போலீசுக்காகப் பூச்சிகளைச் சேகரித்த டேவிட் ஃபாக்னர், ஈ மொய்த்தது பிப்ரவரி 16-18 தேதிகளில் என்றார். அவரை எதிர்த்தரப்பு தன் சாட்சியாக்கிக்கொண்டது. நீல் ஹாஸ்கெல் 14-21 என்றார். ராபர்ட் ஹால் 12-23 என்றார். அரசுத் தரப்பு அழைத்த லீ காஃப் 9-14 என்றார். ஒரே உடல், ஒரே புழுக்கள், நான்கு விடை. அரசுத் தரப்பின் சாட்சியே 5ஆம் தேதியைத் தொடவில்லை.

எதிர்த்தரப்பு முட்டையிட்ட நாளை உடல் போடப்பட்ட நாளாக்கியது. அரசுத் தரப்போ வறண்ட வெப்பத்தில் உடல் காய்ந்துபோயிருக்கலாம், போர்வை மூடியிருக்கலாம், எறும்பு முட்டைகளைத் தின்றிருக்கலாம், ஆகவே ஈ தாமதமாக வந்தது என்று வாதிட்டது. இவை நடக்கக் கூடியவைதான். ஆனால் வேண்டிய நாளை எட்டும்வரை இழுக்கக் கூடிய தாமதம் விளக்கமாகாது, ஒட்டுப்போடும் வேலை. தாமதத்தைச் சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. ஹவாயில் போர்வையில் சுற்றிய சடலம் ஒன்றின் வழக்கில் இதே காஃப், பன்றியைக் கொன்று அதேபோல் சுற்றித் தன் வீட்டுக் கொல்லையில் வைத்துக் கவனித்தார். ஈ உள்ளே நுழைய இரண்டரை நாள் ஆனது. அந்த இரண்டரை நாள் அளந்து பெற்றது. வாதத்தில் நீட்டிய தாமதத்துக்கும் அதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

அறிவியல் சான்றை ஏற்குமுன் அதன் பிழை விகிதம் தெரியுமா என்று கேட்க வேண்டும் என்பது 1993இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு வகுத்த அளவுகோல்களில் ஒன்று. பூச்சிச் சான்று அந்தக் கேள்விக்குத் திணறும். ‘12-23’ என்று நிபுணர் சொல்லும் இடைவெளி எத்தனை விழுக்காடு உறுதியானது, அளந்து வந்ததா அனுபவத்தில் ஊகித்ததா என்பது ஜூரிக்குப் புரிவதில்லை. கூண்டில் ஏறுபவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: இந்த உடலில் ஈ முட்டையிட்டு இத்தனை நாளாவது ஆகிவிட்டது. அதற்கு மேல் இறந்த நாள் பற்றியோ உடலைப் போட்ட நாள் பற்றியோ பேசுவது வழக்கறிஞரின் வேலை. அதை அவர் தன் பெயரிலேயே செய்யட்டும்.

சான் டியேகோ ஜூரி நான்கு தேதிகளையும் கேட்டது. வெஸ்டர்ஃபீல்டின் மேலங்கியிலிருந்த ரத்தக் கறை, அவரது பயண வண்டியில் கிடைத்த கைரேகை, முடி, நூலிழை ஆகியவையும் அதன் முன் இருந்தன. 2002 ஆகஸ்டில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. 2003 ஜனவரியில் மரண தண்டனை விதிக்கப்பட்டது.