செங்கடலை மேடையில் பிளப்பது

படத்தில் கடல் பிளப்பது ஓவியனின் வேலை. மேடையில் அதே கடலைப் பிளக்க, மூச்சு வாங்கும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள். மோசேயின் விவிலியக் கதையை வைத்து 1998இல் ட்ரீம்வொர்க்ஸ் எடுத்த ‘தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்’ அனிமேஷன் படத்தை இசைநாடகமாக்க முனைந்தவர்கள் எதிர்கொண்ட முதல் சிக்கல் இதுதான்.

படத்தின் பாடல்களை எழுதி அவற்றுக்கு இசையமைத்த ஸ்டீஃபன் ஷ்வார்ட்ஸே நாடகத்துக்கும் பாடல் எழுதினார். விவிலியம் அவருக்குப் புதிதல்ல. 1971இல் ‘காட்ஸ்பெல்’, 1991இல் ‘சில்ட்ரன் ஆஃப் ஈடன்’. அனிமேஷனை மேடைக்குக் கொண்டுபோவதும் பழகிய வேலைதான். டிஸ்னியின் நோத்ர தாம் கூனன் கதை, அவருடைய பாடல் வரிகளோடு 1999இல் பெர்லினில் நாடகமானது. அதற்கு இரண்டாண்டு முன்பே ‘தி லயன் கிங்’ நாடகத்தில் இயக்குநர் ஜூலி டேமர் வழி காட்டியிருந்தார்: முகமூடிக்குக் கீழே நடிகரின் முகத்தை அவர் மறைக்கவில்லை. விலங்கும் மனிதரும் ஒருசேரத் தெரிந்தார்கள்.

2017இல் கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவிலும், மறுவருடம் டென்மார்க்கிலும் அரங்கேறிய இந்த நாடகம், 2020 பிப்ரவரியில் லண்டன் டொமினியன் அரங்குக்கு வந்தது. இயக்கியவர் ஷ்வார்ட்ஸின் மகன் ஸ்காட். எகிப்தின் வாதைகளைப் பாடிய நாடகத்தை அடுத்த மாதமே கொரோனா நிறுத்திவைத்தது. 2021 ஜூலையில் மீண்டும் திரை விலகியது. 2022 ஜனவரியோடு லண்டன் காட்சிகள் முடிந்தன.

படம் 99 நிமிடம். நாடகத்தில் அதன் பாடல்களில் ஐந்தோடு ஏறக்குறைய பத்துப் புதிய பாடல்கள் சேர்ந்தன. புதியவற்றில் பல, படத்தின் பாடல்களுக்கு அருகில்கூட வரவில்லை என்பது என் எண்ணம். ஆனால் அவை வந்து நிற்கும் இடங்கள் முக்கியமானவை. கடைசி வாதையில் எகிப்தின் தலைச்சன் பிள்ளைகள் மடிந்த இரவைப் படம் மௌனத்தில் கடந்துவிடும். நாடகம் அங்கே உட்கார்ந்துவிடுகிறது. மோசே தன் கையால் நேர்ந்ததை நினைத்து வெந்து பாடுகிறான். பார்வோனின் மனைவி நெஃபர்தாரி, படத்தில் இருந்தும் இல்லாதவள், இங்கே பிள்ளையைப் பறிகொடுத்த தாயாகப் பாடுகிறாள். வேதத்தில் ஒரு வரியாக முடிந்துபோகும் எகிப்திய வீடுகளின் ஒப்பாரிக்கு முகம் கிடைப்பது அப்போதுதான். இதற்காகவே இந்தக் கதை மேடைக்கு வந்திருக்கலாம்.

காட்சி அமைப்பில் ஏற்ற இறக்கம் உண்டு. படத்தில் சுவரோவியங்கள் உயிர்பெற்று நடந்து, பச்சிளங் குழந்தைகள் நைல் நதியில் எறியப்பட்டதைக் காட்டும் கனவு இருக்கிறதே, அதை எந்த மேடையும் எட்ட முடியாது. செங்கடலின் நீர்ச்சுவரில் மின்னல் வெளிச்சத்தில் நிழலாகத் தெரியும் திமிங்கிலமும் அப்படித்தான். வீடியோ படிமங்களை வைத்து அதோடு போட்டியிடும்போதெல்லாம் நாடகம் தோற்கிறது. ஆனால் தேர்ப் பந்தயத்தில் நடனக் கலைஞர்களே குதிரையாகவும் தேராகவும் மாறும்போது, அனிமேஷனை நாம் மறந்துபோகிறோம். எரியும் முட்செடியும் அவர்கள் உடல்களால் ஆனதுதான்.

லண்டன் அரங்கேற்றத்தின் பதிவு 2023இல் வெளியாகியிருக்கிறது. நேரமில்லாதவர்கள் முட்செடிக் காட்சியையும் நெஃபர்தாரியின் பாட்டையும் மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.