கல்கியின் வரலாற்றுப் புதினங்கள்: எதை முதலில் படிப்பது?

‘பொன்னியின் செல்வன்’ 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாகத் திரைக்கு வந்தபின், சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் குடும்பங்களில் பிள்ளைகள் அந்த ஐந்து பாகப் பெருநூலையே முதலில் கேட்கின்றனர். பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயின்று, வீட்டில் மட்டும் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு அது தொடக்க நூலாகாது. பாதியில் மூடிய நூலை மீண்டும் திறப்பவர் அரியர். அளவிற் சிறிய ‘பார்த்திபன் கனவு’ அன்றோ முதலில் கைக்கு வரவேண்டும்?

இங்கே ஒரு தடை எழுப்புவர். ‘கல்கி’ இதழில் 1941 முதல் 1943 வரை ‘பார்த்திபன் கன’வும், 1944 முதல் 1946 வரை ‘சிவகாமியின் சபத’மும் வெளிவந்தன. ஆனால் பின்னர் எழுதப்பட்டதே கதையால் முந்தியது. மகேந்திரவர்மன் காலத்தில் தொடங்கி வாதாபிப் போரோடு முடிவது அது. அப்போருக்குப் பிந்திய நரசிம்மவர்மனையே ‘கன’வில் காண்கிறோம். எனவே ‘சபத’மே முதலில் என்பர்.

நாம் இதற்கு உடன்படோம். ‘பார்த்திபன் கன’வின் உயிர் மாறுவேடத்தில் இருக்கிறது. அச்சிவனடியார் யார், ஒற்றைக்கைக் காபாலிகன் யார் என்னும் ஐயங்களே நம்மை இழுத்துச் செல்கின்றன. ‘சபத’த்தை முன்பே படித்தவருக்கு அக்கை எங்கே போயிற்று என்பது தெரிந்துவிடும், பிறகு மறைவு ஏது? (விடைகளை நாமும் இங்கே சொல்லப் போவதில்லை.) மாறாக, ‘கன’வில் பெருந்தன்மை மிக்க பேரரசராக அறிமுகமானவர் இளமையில் எதை இழந்தார் என்று அறியும்போது ‘சபத’த்தின் துயரம் பன்மடங்காகிறது. ஆசிரியர் எழுதிய வரிசையே சுவைக்கும் உகந்த வரிசை.

மூன்றாவதாகப் ‘பொன்னியின் செல்வன்’. முன்னதன் குந்தவி பல்லவ இளவரசி, இதன் குந்தவை சோழ இளவரசி என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுதல் நலம். 1950 அக்டோபரில் தொடங்கிய தொடர் 1954 மே மாதத்தில் நிறைவுற்றது. அவ்வாண்டு டிசம்பரில் கல்கியும் மறைந்தார். இடையில், 1953 அக்டோபர் 1 அன்று, ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூரில் இருந்தபடி வாரந்தோறும் படித்து வந்தவர், சென்னை மாநிலத்தில் தொடங்கிய கதையை ஆந்திர மாநிலத்தில் முடித்தார். அவர் வீடு மாறவில்லை.

பல்லவர் கதைகளுக்கும் சோழர் கதைக்கும் இடையே ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கிடக்கின்றன. அவ்விடைவெளியின் முக்கியமான சுவடு ஒன்று நமக்கு அண்மையிலேயே உண்டு. அபராசிதனை வென்று பல்லவர் ஆட்சிக்கு முடிவு கட்டிய முதலாம் ஆதித்த சோழன், ‘தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார்’ எனப்படுகிறான். காளத்தியை அடுத்த தொண்டைமானாட்டில் மகன் பராந்தகன் அவனுக்கு எடுப்பித்த பள்ளிப்படைக் கோயில் இருக்கிறது. திருப்பதியிலிருந்து காளத்தி ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். ‘சபத’த்தை முடித்த பிள்ளையை, ‘பொன்னியின் செல்வ’னைத் தொடங்குமுன் அங்கே அழைத்துச் செல்லலாம். பிறர் எழுதிய தொடர்ச்சிகள், விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’ உள்பட, அதற்குப் பிறகு காத்திருக்கட்டும்.